இரண்டு ஊருக்கும் ஒரே குப்பைத்தொட்டி

காலை டிராமில் இடம் பிடித்து உட்கார்ந்து, இந்த வார டூட்டி அட்டவணையைப் படம் எடுத்து வைத்திருந்தேனே என்று போனைத் திறந்தால், என் கேலரியில் ஒரு காளை சாணி போட்டுக்கொண்டிருக்கிறது. அதுவும் படமில்லை, வீடியோ. மூடலாம் என்று விரலை வைத்தால் அது இன்னும் பெரிதாகத் திறந்துகொண்டு, "ஏய், இங்கிட்டு திரும்புடா" என்று என் தம்பியின் குரல் பெட்டி முழுக்கக் கேட்கிறது. இந்த ஊர் டிராமில் தும்முவதற்கே ஆட்கள் யோசிப்பார்கள். எதிரில் இருந்தவர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார், பிறகு என் போனைப் பார்த்தார், பிறகு மிகுந்த நாகரிகத்தோடு ஜன்னலுக்கு வெளியே பெய்யும் பனியைப் பார்க்கத் தொடங்கினார். நான் அட்டவணையைத் தேடாமலேயே இறங்கிவிட்டேன். அன்றைக்கு எனக்கு எந்த மாடியில் வேலை என்று போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்தக் காளை என் போனுக்குள் எப்படி வந்தது என்று, ஊரை விட்டு வந்தவர்களுக்கு விளக்கமே வேண்டியிருக்காது. நீங்களும் இதையே செய்திருப்பீர்கள். நான் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலி. போன விடுமுறைக்கு ஆலங்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போனபோது, என் பழைய போனைத் தம்பி செல்வத்திடம் கொடுத்துவிட்டு வந்தேன். வெறும் போனை மட்டும் கொடுக்கவில்லை, அதற்குள் இருந்த என் மெயில் ஐடியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் நான்தான் அந்த ஐடியில் போட்டு வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு உன் பெயரில் புதிதாக ஒன்று போட்டுத் தருகிறேன் என்று உட்கார்ந்தபோது, "ஒண்ணையும் கலைக்காதக்கா. கேஸ் புக் பண்றதுலேருந்து அம்மா மாத்திரைக்கு ஆர்டர் போடுறது வரைக்கும் எல்லாம் அதுலதான் ஓடுது" என்றான். விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சரி, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே கேலரி. நான் இங்கே எடுப்பது அவனுக்குப் போகிறது, அவன் அங்கே எடுப்பது எனக்கு வருகிறது. நடுவில் க்ளவுட் என்று ஒன்று இருந்துகொண்டு, யாருடையது எது என்று பார்க்காமல் தேதிவாரியாக அடுக்குகிறது. பனி மூடிய பூங்கா, அதற்கடுத்து கடலைக் கொல்லையில் களையெடுக்கும் ஆட்கள். கடையில் பார்த்து வைத்த பூட்ஸ், அதற்கடுத்து எங்கள் வீட்டுக் கரண்டு மீட்டர். மிச்சமெல்லாம் காளை. குளிக்கும் காளை, ஊருணியில் நீந்தும் காளை, மண்மேட்டைக் கொம்பால் குத்தும் காளை, ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்கும் காளை. வேலைக்கு நடுவே கோட்டுப் பையில் போன் அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தால் எரிச்சல் வரும், பார்க்காவிட்டால் என்னவோ ஏதோ என்று மனம் அடித்துக்கொள்ளும். ஊரை நினைத்து ஏங்குகிறவள் என்று என்னை எண்ணிவிடாதீர்கள். ஏங்குவதற்கு ஊர் கொஞ்சமாவது தள்ளி இருக்க வேண்டும். என் ஊர் என் பைக்குள்ளேயே கத்திக்கொண்டு கிடக்கிறது.

என்னோடு வேலை பார்க்கும் காத்ரின் ஒருநாள் பௌஸ நேரத்தில், அதாவது காபி இடைவேளையில், என் போனை எட்டிப் பார்த்து, "அழகான ஷ்டியர். எப்போது அறுப்பீர்கள்?" என்று கேட்டாள். ஷ்டியர் என்றால் காளை. அறுக்க மாட்டோம் என்றேன். உழவுக்கா என்றாள், இல்லை என்றேன். அப்புறம் எதற்குத்தான் என்றாள். எனக்குத் தெரிந்த ஜெர்மனை வைத்துக்கொண்டு ஜல்லிக்கட்டை விளக்கினேன். ஒரு வாசல் இருக்கும், அதைத் திறப்பார்கள், காளை ஓடிவரும், ஆண்கள் அதன் திமிலைக் கட்டிப்பிடிப்பார்கள். "கட்டிப்பிடிப்பார்களா?" என்று அவள் முகம் மலர்ந்துவிட்டது. இங்கேயும் அது உண்டாம். வேலையில் மனம் களைத்தவர்கள் பண்ணைக்குப் போய்ப் பசுமாட்டின் மேல் சாய்ந்து படுத்து, கட்டிப்பிடித்து, அமைதியடைந்து வருவார்களாம். இந்தியாவில் இதை ஊர் கூடிச் செய்கிறீர்கள், எவ்வளவு நல்ல பழக்கம் என்றாள். வாடிவாசல் புழுதியையும், மைக்கில் கத்துகிறவரையும், ஓரமாக நிற்கும் ஆம்புலன்சையும் ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன். பிறகு "யா" என்று சொல்லி காபியைக் குடித்தேன். இடைவேளை முடிவதற்குள் அதற்கு மேல் எந்த மொழியிலும் விளக்க முடியாது.

அந்தக் காளையை நான் முதலிலிருந்தே விரும்பவில்லை. அப்பா இல்லாத வீடு. செல்வம் ஆலங்குடியில் ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டால், பகல் முழுக்க அம்மா தனியாக இருப்பாள். அதற்கு ஒரு துணையாக இருக்கட்டும் என்று ஒரு செவலைக் கன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். கன்று என்றால் சரி. அது வளர்ந்து, திமில் ஏறி, ஆளைக் கண்டால் கொம்பை ஆட்டும் காளையாகிவிட்டது. அம்மாவிடம் மட்டும் பூனை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நான் பாடுவது ஒரே பாட்டுதான். வயசான காலத்தில் முட்டிவிட்டால் யார் பார்ப்பது, விற்றுவிடு. அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல், "நீ ஒம்பாட்டுக்கு அங்கிட்டு இருத்தா. இங்கிட்டு நாளு முழுக்க என்னோட இருக்கறது அது ஒண்ணுதான்" என்றாள். சுருக்கென்று இருந்தது. வாரம் தவறாமல் பேசுகிறவள் நான். அம்மாவிடம் மாடு என்னை முந்திவிட்டது என்று எனக்கு அதன்மேல் உண்மையிலேயே பொறாமை.

மாசி மாதம். அங்கே ஊருக்கு ஊர் ஜல்லிக்கட்டு நடந்துகொண்டிருந்தது, இங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விசா அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய காகிதத்தைப் படம் எடுத்தால், இடமில்லை, சேமிக்க முடியாது என்று போன் மறுத்தது. எனக்கு இருந்த கோபத்துக்குக் கேலரியில் மாடு என்று தேடினேன். மந்தையாக வந்து நின்றது. அம்மாவும் சேர்ந்து நிற்கும் படங்களை மட்டும் விட்டுவிடலாம் என்று ஒவ்வொன்றாகத்தான் தொடங்கினேன். பிறகு பொறுமை போய், விரலை வைத்து ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டேன். பழகட்டும் என்று போனை ஜெர்மனில் வைத்திருக்கிறேன். அது என்னிடம் நீளமாக எதையோ கேட்டது. இந்த ஊரில் எல்லாமே நீளமாகத்தான் கேட்கும் என்று படிக்காமல் சரி கொடுத்தேன். இங்கே அழித்தால் என்ன, ஊரில் தம்பியிடம்தான் எல்லாம் இருக்கிறதே என்ற தைரியம். அன்றைக்கு நிம்மதியாகச் சமைத்துச் சாப்பிட்டேன்.

அந்த வாரத்திலேயே ஒருநாள், இடைவேளையில் செல்வத்தின் அழைப்பு வந்தது. "அக்கா, நம்ம செவலையக் காணோம்க்கா" என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது. நார்த்தாமலைப் பக்கம் ஒரு ஊரில் அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். ஒருவரையும் திமிலைத் தொடவிடாமல் வாசலைத் தாண்டிய செவலை, மாடுகளைப் பிடித்துக் கட்டும் இடத்தில் நிற்காமல் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடிவிட்டது. இவனும் கூட்டாளிகளும் வண்டி போட்டுத் தேடியதில், குளத்தூர்ப் பக்கம் ஒரு தோப்பில் புகுந்த மாட்டை அந்தத் தோப்புக்காரர் கட்டிவைத்திருப்பது தெரிந்தது. அங்கே போனால் வேறு ஊர்க்காரர் ஒருவர், அவரும் செவலையைத் தொலைத்தவர், இது தன் மாடு என்று நிற்கிறார். காதில் அரசாங்கம் மாட்டிய மஞ்சள் வில்லை வேலியில் சிக்கி அறுந்துபோயிருக்கிறது. ஜல்லிக்கட்டு டோக்கனில் அச்சடித்த படத்தில் முகம் மட்டும்தான், அதுவும் கரி பூசியதுபோல. தோப்புக்காரர் நியாயமானவர். யார் வீட்டு மாடு என்று காட்டிவிட்டு அவிழ்த்துப் போங்கள் என்கிறார். கன்றாக இருந்தபோது முள்கம்பி கிழித்து இடது பின்தொடையில் தையல் போட்ட தழும்பு உண்டு. அந்தத் தழும்போடு மாடு எங்கள் வீட்டில் நிற்கும் படம் ஒன்று போதும்.

"இங்க போன்ல ஒரு படம்கூட இல்லக்கா, என்ன எழவோ தெரியல. ஒன்கிட்டதான் எல்லாம் வந்துருமே. சட்டுனு ஒண்ண அனுப்பு" என்றான்.

அவனிடம் இருக்கிறது என்று நான் அழித்தேன், என்னிடம் இருக்கிறது என்று அவன் கவலைப்படாமல் இருந்திருக்கிறான். எல்லாப் போனிலிருந்தும் அழிக்கவா என்றுதான் அந்த நீளமான கேள்வி கேட்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. உடனே சொல்ல வாய் வராமல், "அம்மாவக் கூட்டிட்டுப் போடா. அம்மா குரல் கேட்டா அதுவா தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்துருமே, படம் எதுக்கு?" என்றேன். கொஞ்சம் தயங்கி, "அம்மாவுக்குத் தோதுப்படாதுக்கா. வெயிலு" என்றான். சித்திரை வெயிலில் கடலை பிடுங்குகிறவளுக்கு மாசியில் என்ன வெயில் என்று கேட்க நினைத்தேன். ஆனால் என் குற்றம் முன்னால் நின்றது. அழித்ததைச் சொன்னேன். அழித்தவை உடனே போய்விடாது, குப்பைத்தொட்டி என்று ஒன்றில் கொஞ்ச நாள் கிடக்கும், அதிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"குப்பையிலயா?" என்றான் செல்வம். திட்டப்போகிறான் என்று பார்த்தால் குரல் பதறியது. "நீ பாக்காதக்கா. நானே எடுத்துக்கிறேன், நீ வேலையப் பாரு."

"ஒனக்குத் தோப்புக்குள்ள சிக்னல் கெடைக்காதுடா. நீ பாக்க வேணாம், நான் எடுக்கிறேன்" என்று நானும் பதறினேன். அந்தக் குப்பையில் நானும் ஒன்றைப் போட்டிருந்தேன்.

அவனுக்கு முன்னால் நான் திறந்துவிட்டேன். மாடுகள் மாடுகளாக வந்தன. நடுவே நான் அழிக்காத சில படங்களும் கிடந்தன, என் கண்ணில் படுவதற்குள் செல்வம் எடுத்துப் போட்டவை. ஒரு எக்ஸ்ரே. கயிற்றுக் கட்டிலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு கால். அதற்குப் பக்கத்தில் கொலுசு போடாத, குதிகால் வெடித்த மற்றொரு காலை எனக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு வீடியோ. அம்மா செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊருணிப் பக்கம் நடக்கிறாள். "அக்கா, நல்லாப் பாத்துக்க. அம்மா கையில எம்புட்டு சாதுவாப் போறான் பாரு. இவனப் போயி விக்கச் சொல்றியே" என்று செல்வம் எனக்காகவே பேசிக்கொண்டு படம் பிடிக்கிறான். பின்னால் ஏதோ பைக் ஹாரன். செவலை மிரண்டு திரும்புகிறது. அம்மாவின் கால் அதன் குளம்புக்கடியில் போகிறது. பிறகு வானம், ஒரு புளியங்கிளை, அம்மாவின் அலறல். கடைசியில் அவள் குரல் மட்டும், மூச்சு வாங்க: "டேய், கயித்தப் புடிடா மொதல்ல. அது மெரண்டு போச்சு, பாவம்."

ஒரு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா எனக்குக் கழுத்துக்கு மேல்தான் தெரிந்திருக்கிறாள். நானும் முகம் பார்த்த திருப்தியில் மாட்டை விற்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. என்ன ஆயிற்று, கெட்ட செய்தியா என்று காத்ரின் கேட்டாள். காளை என் அம்மாவின் காலை மிதித்து ஒடித்துவிட்டது, இப்போது அது காணாமல் போய் வேறொருவர் தோப்பில் நிற்கிறது, என் படம் போனால்தான் திரும்பக் கிடைக்கும் என்றேன். அவள் யோசித்துவிட்டு, நல்லதுதானே, அதுவாகவே போய்விட்டது என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் சொல்வதற்கு முன்பே எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது.

தழும்புப் படமும் அதற்குள் கிடைத்துவிட்டது. எங்கள் கிணற்றடியில் அம்மா தேங்காய் நாரால் செவலையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் கைக்குப் பக்கத்திலேயே தொடைத் தழும்பு, பளிச்சென்று. மாடு போய்த் தொலைய நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். வேறு ஊர்க்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு போவார், அம்மாவின் இன்னொரு கால் தப்பும், நானும் பயமில்லாமல் தூங்குவேன். நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பேசி நடக்காதது, பேசாமல் இருந்தால் நடந்துவிடும். செல்வம் மறுபடி அழைத்தான், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தான். அந்த வீடியோவை இன்னொருமுறை போட்டேன். கால் ஒடிந்து தரையில் கிடக்கிறவள் முதலில் கேட்டது கயிற்றை. அவ்வளவுதான், என்னால் முடியவில்லை. படத்தை மீட்டு அவனுக்கு அனுப்பினேன். பாசத்தில் ஒன்றும் அனுப்பவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் அனுப்பினேன்.

தோப்புக்காரர் படத்தையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். உரிமை கொண்டாடியவரே கூட நின்று செவலையைக் குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டாராம். அவர் மாடும் பிறகு கிடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

வேலை முடிந்து அறைக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் வீடியோ காலில் கூப்பிட்டேன். "அம்மா, காலக் காட்டு" என்றேன். அம்மா செல்வத்தைப் பார்த்தாள். செல்வம் மாட்டைப் பார்த்தான். கடைசியில் போனைக் கீழே இறக்கிக் காட்டினான்.

"ஒனக்குச் சொல்லி என்னாத்தா ஆகப்போகுது? நீ அங்கிட்டு நிம்மதியா வேல பாப்பியா? மாட்ட வித்துருன்னுதானே நிப்ப" என்றாள் அம்மா.

நான் கத்தத் தொடங்கினேன். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டும் அளவுக்குக் கத்தினேன். என் அம்மாவின் கால் ஒடிந்தது எனக்குத் தெரியக்கூடாதா, நான் என்ன அந்நியமா என்றெல்லாம். செல்வம் குறுக்கிட்டான்.

"நீ மட்டும் என்னக்கா? வண்டியில வாரப்ப நானும் அந்தக் குப்பையத் தொறந்து பாத்தேன். ஒங் கையில என்ன அது? யாரு அடிச்சா?"

அவனிடமிருந்து நான் மறைத்தது அதைத்தான். என் முன்கை. நாலு விரல் பதிந்து கன்றிப்போன தடமும், நகக் கீறலும். இல்லத்தில் அறிக்கை எழுத வேண்டும் என்று படம் எடுத்து, எழுதி முடித்ததும் ஊருக்குப் போய்த் தொலையுமே என்று அழித்திருந்தேன். அங்கே ஞாபகம் மங்கிய ஒரு அம்மாள் இருக்கிறார். தினமும் குளிப்பாட்டுகிறவள் நான்தான், ஆனால் தினமும் நான் அவருக்குப் புதியவள். அன்றைக்கு நான் உடுப்பைக் கழற்றப் போனதும், பிடித்த பிடியை விடவே இல்லை.

"யாரும் அடிக்கலடா. நான் பாத்துக்கிற வயசானவங்க, யாரோ வீட்டுக்குள்ள பூந்துட்டாங்கன்னு மெரண்டுட்டாங்க, பாவம்" என்றேன்.

அம்மா செல்வத்தின் கையிலிருந்து போனை வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டாள். பிறகு, "அந்த வேலைய விட்டுட்டு வந்துரு" என்றாள்.

"நீ அந்த மாட்ட வித்துரு" என்றேன்.

செல்வம்தான் முதலில் சிரித்தான். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது, அழுகையோடு. யாரும் எதையும் விடவில்லை, விற்கவுமில்லை.

மறுநாள் பார்த்தால் நாங்கள் குப்பையில் போட்டதெல்லாம் கேலரிக்குத் திரும்பி வந்திருந்தது. யார் எடுத்து வைத்தது என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. உனக்குத் தனியாக ஐடி போட்டுத் தருகிறேன், இனி கலக்காது என்று ஒருநாள் சொன்னேன். சரிக்கா என்றான். இருவரும் அதோடு விட்டுவிட்டோம். போன வாரம் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: "அம்மா தெனம் காலையில போன வாங்கி ஒங் கையத்தான்க்கா பெருசு பண்ணிப் பாக்குது. கன்னிப்போனது கொறைஞ்சிருக்கான்னு. இன்னும் அப்படியே இருக்கேடான்னு கவலப்படுது. படம் எப்படிம்மா ஆறும்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்குது."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் கை எப்போதோ ஆறிவிட்டது, தடம்கூட இல்லை. ஆனால் ஆலங்குடிப் பக்கத்தில் ஒரு கட்டிலில் அது இன்னும் கன்றிப்போய்த்தான் இருக்கிறது. இன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் ஜன்னல் திரையை விலக்கி, ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டு, முன்கையைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தேன். இணையம் மெதுவாக இருந்தது. படத்தின் மூலையில் சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கண்ணாடி வழியாகக் குளிர் ஏறியது. அது அங்கே போய்ச் சேரும்வரை, கையை இறக்கி மூடாமல் நின்றுகொண்டிருந்தேன்.